மடியில் கனம்

பழைய விளக்கு, அடுப்பு சேகரிப்பவர்களின் வார இறுதி முகாமுக்கு, பெட்ரோமாக்ஸ் விளக்கை வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் தையல்கார அக்கா.

"மடியில கனம், அதான் வழியில பயம்! அவ்வளவு விலையாக்கா இது?" என்று கேலி செய்தான் கூட வந்த மெக்கானிக்.

அக்கா சிரித்துவிட்டுக் கூடாரம் கட்டப் போனாள். திரும்பியபோது விளக்கு பளபளத்தது.

"துடைச்சு, திரிக்குப் பதிலா எரியிற மேண்டில் வலையைப் புதுசாக் கட்டிட்டேன்க்கா. பழசு, தொட்டதுமே சாம்பலாக் கொட்டிடுச்சு."

அக்கா குனிந்து புல்லில் தேடினாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"விளக்கை நீயே வச்சுக்க தம்பி."

"ஐயோ, ஏன்க்கா?"

"போன முகாம்ல அந்த மேண்டிலை என் வீட்டுக்காரர் கட்டினாரு. இன்னிக்கு அதுலயே ஏத்தணும்னுதான் உதிராம கொண்டுவந்தேன். அவர் கை போட்ட கடைசி முடிச்சுப்பா அது."