கர்ச்சீப்புக்கு ஒரு சீட்டு

மாரிக்குப்பத்தில் கிளம்பிய பெங்களூர் ரயில் கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டும்போது ராஜப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருக்க, ஒரு சீட்டில் வெறும் கர்ச்சீப் சொகுசாக வந்துகொண்டிருந்தது.

“யார்து இது?”

“என்துதாண்ணா,” என்றான் பக்கத்தில் நின்றிருந்த உதய். “பங்காருபேட்டையில ஃபிரண்டு ஏறுவாரு.”

“ஏறாத ஆளுக்கு சீட்டு, ஏறின ஆளுக்கு இல்லையா? ரயிலு இன்னா உங்கப்பன் சொத்தா?”

“அவரால நிக்க முடியாதுண்ணா...”

“இந்தம்மா மட்டும் கொழந்தயத் தூக்கிக்கினு நிக்கணுமா? படிச்சவன்தான நீ? கொஞ்சம் யோசிக்க மாட்ட?”

எட்டிக் கர்ச்சீப்பை உருவி உதயின் மேல் எறிந்தார். “நீ உக்காரும்மா. எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்.”

பங்காருபேட்டையில், இரண்டு கக்கத்திலும் கட்டைகளை ஊன்றிக்கொண்டு உதயின் நண்பர் ஏறினார். அந்தப் பெண் பதறி எழுந்தாள்.

“நீ உக்காரும்மா,” என்று அவளைத் தடுத்த உதய், ராஜப்பா பக்கம் திரும்பினான்.

“மாரிக்குப்பத்துலருந்து நான் நின்னுக்கினுதாண்ணா வரேன். புடிச்ச ஒரே சீட்ட அவருக்கு வெச்சிருந்தேன். அதயும் நீங்க தானம் பண்ணிட்டீங்க. இவ்ளோ நியாயத்தயும் உக்காந்துக்கினேதான பேசினீங்க? இப்ப எழுந்திரிங்க.”

ராஜப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த ஜன்னலோர சீட்டு, மாரிக்குப்பத்தில் அவர் மகன் முன்னாடியே ஓடிவந்து துண்டு போட்டுப் பிடித்துவைத்தது.