முதுகு அரித்த எறும்புத்தின்னி

பக்கத்துக் குன்றைப் பாறை உடைக்கும் மெஷின் தின்று முடித்துவிட்டது. அடுத்தது நாம்தான் என்று இந்தக் குன்றில் எல்லோரும் கலங்கிப் போயிருந்தபோது, சிலர் வந்து மரத்தில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டுப் போனார்கள். அரிய உயிர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து, முதலில் காப்பாற்ற வேண்டிய இடங்களுக்கு வரைபடத்தில் பச்சை அடிக்கப் போகிறார்களாம். காக்கைதான் சேதி சொன்னது.

"கவலையை விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றது மயில். அன்றிலிருந்து கேமரா முன்னால்தான் அதற்குக் குடித்தனம். தோகையை விரிப்பதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதுமாக இருந்தது. எறும்புத்தின்னி எட்டிப் பார்த்தால், "ஏய் செதிலு, ஓரமாப் போ! படம் கெட்டுடும்" என்று விரட்டியது.

எறும்புத்தின்னி கூச்ச சுபாவம். பொந்துக்குள்ளேயே இருந்துகொண்டது. ஒரே ஒரு நாள், முதுகு அரிப்புத் தாங்காமல், யாரும் இல்லாதபோது கேமராவுக்கு எதிரே இருந்த மரத்தில் உரசிவிட்டு ஓடியது.

மழைக்காலம் முடிந்ததும் காக்கை பறந்து வந்தது. "பச்சை அடிச்சுட்டாங்க! மெஷின் திரும்பிப் போகுது!"

குன்றே பெருமூச்சு விட்டது. மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டது. "நான்தான் சொன்னேனே!"

"மயில் எல்லா ஊர்லயும் இருக்காம்" என்றது காக்கை. "ஒரு படத்துல யாரோ செதில் முதுகைச் சொறிஞ்சுக்கறாங்களாம். அதைப் பாத்துத்தான் துள்ளிக் குதிச்சாங்க."

எறும்புத்தின்னி வெட்கத்தில் பந்தாகச் சுருண்டது. மயில் தோகையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

மறுநாள் காலையில் பொந்து வாசலில் மயிலின் குரல் கேட்டது.

"அண்ணே, கேமரா இன்னும் அங்கயேதான் இருக்கு. முதுகு ஏதும் அரிக்குதா?"