வாந்தி எடுத்தவன் தோற்றான்

"இவன் செத்துடுவானாக்கா?"

கேட்ட சோடாபுட்டிக் கண்ணாடிக்காரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. விடுதியைக் கூட்டித் துடைக்கும் அக்கா வாளியை வாசலிலேயே வைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தரை, பாய், செருப்பு, புத்தகம் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் வாந்தி. அதன் நடுவில் கன்னத்தைப் பதித்துக் கிடந்த குண்டன் முனகினான். அவள் கிட்டே போனதும் இன்னொரு தடவை எடுத்தான், அதுவும் அவள் பாதத்தின் மேலேயே.

பரீட்சை முடிந்த கொண்டாட்டமாம். காலையிலேயே ஆளுக்கொரு பாட்டிலை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டியிருக்கிறார்கள். முதலில் வாந்தி எடுத்தவன் தோற்றான். பெற்றவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க அனுப்பியது இந்தக் கண்றாவிக்குத்தான்.

"நீங்கள்லாம் மனுச ஜென்மமாடா?" என்றாள். குண்டனை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னதற்கு, கூடக் குடித்த நண்பர்களே தொட அருவருத்தார்கள். கடைசியில் அவள்தான் புரட்டினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் ஒருவன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். பந்தயத்தில் ஜெயித்தவன் அவன்தான், ஒரு சொட்டுகூட வெளியே விடவில்லை என்று சோடாபுட்டி பெருமையாகவே சொன்னான். வீரனுக்கு மரியாதையாகத் தலையணை வைத்து, போர்வையும் போர்த்தியிருந்தார்கள்.

கட்டிலுக்கடியில் பெருக்கும்போது துடைப்பம் கீழே தொங்கிய அவன் காலில் இடித்தது. அவன் அசையவில்லை. காலை எடுத்து மேலே வைத்தாள், சில்லென்றிருந்தது. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, போர்வையை இழுத்து மூடினாள்.

"குடிக்கிறதுதான் குடிக்கிறீங்க, இந்தப் பிள்ளை மாதிரி அடுத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லாம படுக்கத் தெரியுதா?" என்றாள்.

கல்லூரி மருத்துவ அறையிலிருந்து நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள். குண்டனின் நாடியைப் பிடித்தாள், காதைக் கிள்ளினாள். அவன் கண்ணைத் திறந்து, காது கூசும்படி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி வாந்தி எடுத்தான்.

பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் மூக்கைச் சுளித்தபடி குண்டன் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். சோடாபுட்டி இப்போது வாய்விட்டே அழுதான். குண்டனின் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று புலம்பினான்.

நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கப் போன நர்ஸ், கட்டிலருகே நின்றுவிட்டாள். "அவனுக்கு ஒண்ணுமில்ல, பந்தயத்துல ஜெயிச்சவன், தூங்குறான்" என்றான் சோடாபுட்டி அழுகைக்கு நடுவே. போர்வையை விலக்கினாள். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன.

தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். மூக்கருகே விரலை வைத்து, கைக்கடிகாரத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஸ்ட்ரெச்சரை இங்க கொண்டாங்க, மூச்சு நின்னுக்கிட்டிருக்கிறது ஜெயிச்சவனுக்கு."