மாப்பிள்ளை வந்தால் அணைந்துவிடும் லேப்டாப்

"வாரம் பூரா இவ மடியில வச்சு டைப் அடிக்கிறா, ஒண்ணும் ஆகுறதில்ல தம்பி. ஞாயித்துக்கிழமை ஸ்கிரீன்ல மாப்பிள்ளை முகம் வந்து பத்து நிமிசம் பேசுனாப் போதும், பொசுக்குனு அணைஞ்சு போகுது."

லட்சுமிநாராயணன் சொல்லச் சொல்ல ஜூடு லேப்டாப்பைத் தூக்கிக் காதோரம் வைத்துக் கேட்டான். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு முறை அது தல்லாகுளத்தில் அவனுடைய கடைக்கு வந்துபோய்விட்டது. விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினான். ராம் மாற்றினான். பகல் முழுக்கப் படம் ஓடவிட்டுப் பார்த்தான். அங்கே சமர்த்தாக ஓடியது.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை செல்லூரில் இருக்கும் வீட்டுக்கே வந்துவிட்டான்.

மாப்பிள்ளை சாய்பிரசாத்துக்குச் சிங்கப்பூரில் வேலை. நாளைக்கு அவன் குடும்பமே அங்கே கேமரா முன்னால் உட்காரப்போகிறது, கல்யாணத்துக்கு நாள் குறிக்க.

"நாளைக்கும் அணைஞ்சா அம்புட்டுத்தான் தம்பி. அவுக அம்மா ஏற்கெனவே சகுனம் சரியில்லன்னு இழுக்குறாக. இன்னொரு தடங்கல் வந்தா வேற இடம் பாத்துக்கிருவோம்னுட்டாக." நூல் வியாபாரி லட்சுமிநாராயணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகள் ஸ்வர்ணா சுவரோரம் நின்றிருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. அந்த லேப்டாப்பே அவள் சம்பளத்தில் வாங்கியதுதான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எதுக்குன்னு மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. அதுவரைக்கும் இந்தச் சனியன் ஓடுனாச் சரி" என்றார் லட்சுமிநாராயணன்.

"சனியன்னு சொல்லாதீக." சுந்தரவல்லி வீட்டில் பேசும் தங்கள் பாஷைக்கு மாறிக் கணவரை இன்னும் ஏதோ வைதாள். பிறகு ஜூடிடம் தமிழில் சொன்னாள்: "சம்பாத்தியம் குடுக்குற பொருளு தம்பி. வெள்ளிக்கு வெள்ளி பொட்டு வச்சுத்தான் கும்பிடுறேன்."

மூடியின் நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஜூடு சிரித்துக்கொண்டான். அவன் கடைக் கம்ப்யூட்டரில் மாதா படம் ஒட்டியிருந்தது.

முன்னறையில் போன் அடித்தது. லட்சுமிநாராயணன் எடுக்கப் போனார். சுந்தரவல்லி காப்பி போட உள்ளே போனாள்.

ஜூடு லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பினான். சூடான காற்று வெளியேறும் துளைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சந்தனம் அடைத்திருந்தது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். உள்ளே இம்புட்டு வெக்கை ஏறினால் எந்த மிஷின்தான் அணையாது? பக்தியில் அந்த அம்மாவுக்குக் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது போல.

விரலால் தொட்டுப் பார்த்தான். ஈரமாக ஒட்டியது.

மூடியில் இருந்த பொட்டுகள் நேற்று வைத்தவை. காய்ந்து வெடித்திருந்தன.

அவன் அதை அப்போது யோசிக்கவில்லை. "ஒரு ஊக்கு இருந்தாக் குடும்மா, அடைப்பை எடுத்துட்டாச் சரியாப் போகும்" என்று கை நீட்டினான்.

ஸ்வர்ணா வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அவளே அதைப் பார்த்தாள். திரும்ப வாங்கக் கை வந்தது, பாதியில் நின்றது.

ஊக்கின் முனையில் பழைய சந்தனம் காய்ந்திருந்தது.

கடைக்கு வந்த இரண்டு முறையும் அந்தத் துளைகள் நோண்டி எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது ஜூடுக்கு ஞாபகம் வந்தது.

"என்ன தம்பி, கோளாறு தெரிஞ்சிருச்சா?" போனைக் கையால் பொத்திக்கொண்டு லட்சுமிநாராயணன் முன்னறையிலிருந்து கேட்டார்.

ஸ்வர்ணா குனிந்து, கீழே எதையோ எடுப்பவள்போல, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அதை அப்படியே விட்டுட்டுப் போங்கண்ணே. நாளைக்கு ஒருவாட்டி மட்டும் அணையட்டும்."