இரண்டு சிவப்பு கிடார்கள்

“இன்னொரு தடவை பாடு ஈஸ்வரி.”

“வேணாம்ணே. கிடாரைக் கேட்டு எடுங்க. என் பாட்டு எதுக்கு?”

“ரெண்டே வரி. பாடும்மா.”

கீழ ராஜ வீதியில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் கல்யாணத்துக்கு எரிச்சலாக வந்தது. கிடார் வாங்க வந்த மனுஷன், கூட வந்த பெண்மணியை ஏன் இந்தப் பாடு படுத்துகிறார்?

இத்தனைக்கும் உள்ளே வரும்போது ராஜாங்கம் தங்கமான ஆளாகத்தான் தெரிந்தார். பாபநாசம் பக்கம் ஆறு மா நிலத்தில் விவசாயம். கோயில் திருவிழா வந்துவிட்டால் பாட்டுக் கச்சேரியில் கிடார். இருபது வருஷமாக வாசிப்பது ட்ரூப்புக்குச் சொந்தமான ஓட்டைக் கிடார். தனக்கென்று ஒன்று வாங்குவது இதுதான் முதல் தடவை.

“டோன் வார்மா இருக்கணும் சார்,” என்றார். “எங்க ட்ரூப் கிடார் தகர டப்பாவா கத்தும். நெல்லு அவிச்ச அண்டாவைத் திறந்தா மூஞ்சில கதகதன்னு ஆவி வரும் பாருங்க, அந்த மாதிரி ஒரு சத்தம் வேணும். இருபது வருஷ ஆசை.”

இப்படி ஒரு விளக்கத்தை கல்யாணம் எந்த கேட்லாக்கிலும் படித்ததில்லை. குஷியாகி இரண்டு கிடார்களை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு, ஒரே விலை. கம்பிக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் மட்டும் வேறு. இடது பக்கம் இருந்தது கதகதப்பு, வலது பக்கம் இருந்தது கணீர்.

இடது கிடாரை மீட்டியதுமே ராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பசித்தவன் முதல் கவளத்தை விழுங்கின முகம். வியாபாரம் முடிந்தது என்று கல்யாணம் பில் புத்தகத்தை எடுத்தார்.

அப்போதுதான் ராஜாங்கம் ஈஸ்வரியைப் பாடச் சொன்னார்.

அந்த ட்ரூப்பின் பாடகியாம். தைராய்டு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். ஆஸ்பத்திரியில் செக்கப்பை முடித்துக்கொண்டு அப்படியே இவரோடு கடைக்கு வந்திருக்கிறார். பாடலாம் என்று டாக்டர் சொன்னது இன்று காலையில்தான்.

ஈஸ்வரி கூச்சத்தோடு ஒரு அம்மன் பாட்டை எடுத்தார். ராஜாங்கம் இடது கிடாரை வாசித்தார். வாசலோரம் ஸ்டூலில் போனை வைத்துப் பதிவு செய்தார். பிறகு அதைக் காதில் வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சரியா கேக்கலையே. மறுபடியும் பாடு.”

ஈஸ்வரியின் முகம் சுருங்கிப் போனது. மறுபடியும் பாடினார். மறுபடியும் போன், மறுபடியும் உதட்டுப் பிதுக்கல். மூன்றாவது தடவை வலது கிடாரோடு பாடச் சொன்னபோது கல்யாணத்தால் பொறுக்க முடியவில்லை.

“சார், நீங்க டெஸ்ட் பண்றது கிடாரையா, அந்தம்மாவையா? ஆபரேஷன் பண்ணின தொண்டை சார்.”

ராஜாங்கம் வலது கிடாரோடும் ஈஸ்வரியைப் பாட வைத்துப் பதிவு செய்தார். பதிவைக் கேட்டார். வலது கிடாரைக் காட்டி, “இதைக் கட்டுங்க,” என்றார்.

ரசித்தது ஒன்று, கட்டச் சொல்வது ஒன்று! நிறம் ஒன்றாக இருப்பதால் மனுஷன் குழம்பிவிட்டார் என்று நினைத்து, கல்யாணம் நல்ல எண்ணத்தில் இடது கிடாரையே உறையில் போட்டார்.

“அது இல்ல சார், மத்தது.”

“நீங்க ஆசைப்பட்ட வார்ம் டோன் இதுதான் சார்!”

ராஜாங்கம் சட்டென்று திரும்பி, “ஈஸ்வரி, வாசல்ல ஆட்டோ வருதான்னு பாரும்மா,” என்று அவரை அனுப்பினார்.

கல்யாணம் விடவில்லை. “மூணு தடவை அவங்களைப் பாட வெச்சு நோகடிச்சீங்க. கடைசியில பிடிக்காத கிடாரை எடுக்கறீங்க. உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?”

“கேக்குது சார். அதனாலதான் எடுக்கறேன்,” என்றார் ராஜாங்கம் மெதுவாக. “முன்னெல்லாம் ஈஸ்வரி குரல் எங்க கிடாருக்கு மேல ஏறி நிக்கும். ஆபரேஷனுக்கப்புறம் கீழ இறங்கிடுச்சு. இந்த வார்ம் கிடாரும் அதே இடத்துல நின்னு அதை மூடிடுது. எங்க ஊர்த் திருவிழால சவுண்டு செட்டுக்காரன் ஒரு தடவை திருகிவிட்டுட்டு பரோட்டா சாப்பிடப் போயிடுவான். ஏத்தி இறக்க ஆள் கிடையாது. பங்குனி உத்திரக் கச்சேரில குரல் கேக்கலேன்னா வேற பாடகியைப் போட்டுடுவாங்க. வலது கிடாருக்குத்தான் அது பாட்டு தனியா கேட்டுச்சு.”

“இதை அவங்ககிட்டயே சொல்லலாமே?”

“சொன்னா, ‘என்னால உங்க ஆசை கெடணுமா’ன்னு பாடறதையே விட்டுடும் சார்.”

கல்யாணத்துக்கு வெட்கமாகிவிட்டது. இடது கிடாரை வெளியே எடுத்தார். வலது கிடாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

ஆட்டோ பிடித்துவிட்டு ஈஸ்வரி உள்ளே வந்தார்.

“ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு சார். மாத்திக் கீத்திக் குடுத்துடாதீங்க. அண்ணன் ஆசைப்பட்ட கிடாரேதானே இது?”

ராஜாங்கம் வாயைத் திறப்பதற்குள் கல்யாணம் முந்திக்கொண்டார்.

“அதேதாம்மா. நான்தான் மாத்திக் குடுக்கப் பார்த்தேன். பிடிவாதமா நின்னு இதையே வாங்கிட்டாரு.”