மாட்டினவரே வரணும்

"ஏசி மாட்டுற லட்சணமா இது?" நகோயாவிலிருந்த ஏசி கம்பெனியின் மேலாளர் குரோகியிடம் போனில் கத்தினாள் மிசாயோ. "தண்ணிக் குழாயை வெளிப்பக்கம் ஏத்தமா வெச்சிட்டார் உங்க ஆள். மொத்தத் தண்ணியும் என் படுக்கைமேல கொட்டுது!"

"மன்னிச்சிடுங்கம்மா. நல்ல ஆளா உடனே அனுப்பறேன்."

"வேற யாரும் வேணாம். மாட்டின ஓகித்தாவே வரணும். வந்து தலைகுனியணும்!"

புகார் என்றால் மேலாளரும் இனிப்புப் பெட்டியோடு கூடவே போய் வணங்கி மன்னிப்புக் கேட்பது ஜப்பானிய வழக்கம். காரில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார் குரோகி.

"வெக்கமா இல்ல உனக்கு? ஒரு வீட்டுல செய்யற வேலையா இது?"

ஓகித்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவு திறந்ததும் இருவரும் இடுப்பு வளைய வணங்கினார்கள். நிமிர்ந்த குரோகியின் கண்ணில் வாசல் பெயர்ப்பலகை பட்டது: 'ஓகித்தா'.

"ஆமா, என் புருஷன்தான்!" என்றாள் மிசாயோ. "மூணு கோடையா இதைச் சரிபண்ணச் சொல்லி நான் கேட்டேன். 'நாளைக்குப் பார்க்கலாம்'னார். கம்பெனிக்குப் புகார் போனதும் எப்படி ஓடி வந்திருக்கார், பாருங்க!"

இனிப்புப் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"உள்ளே வாங்க. ஏணி எங்கே இருக்குன்னு உங்க ஆளுக்கே தெரியும்."