இருநூற்றுப் பதினான்காவது துண்டு

மேசைமேல் முழங்கை நீள ராணுவ ஹெலிகாப்டர் பொம்மை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

"மொத்தம் இருநூத்திப் பதினாலு துண்டு. நான் எடுத்துக் கொடுத்தது இருநூத்திப் பதிமூணுதான். கதவை ஒட்டாதீங்க அண்ணே," என்றது இடுக்கி.

"வந்துட்டாரு கணக்குப்பிள்ளை! உனக்கு எண்ணத் தெரியலை," என்று சிரித்தது பிரஷ். பசையிடம் சொல்லிக் கதவை ஒட்டவைத்தது. விளிம்பே தெரியாதபடி மூன்று பூச்சு பச்சை அடித்தது. பார்த்தவர்கள் எல்லாம் வண்ணத்தைப் புகழ்ந்தார்கள். பிரஷ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

பிறகு துண்டுகள் வந்த காலிப் பெட்டியை இடுக்கி கவிழ்த்தபோது, அதன் மூலையிலிருந்து குட்டி விமானி உருண்டு வந்தான். தலைக்கவசம் மாட்டித் தயாராக இருந்தான்.

"அண்ணே, நான் எந்தக் கதவு வழியா ஏறணும்?" என்று பிரஷ்ஷைக் கேட்டான்.

பிரஷ், வண்ணம் கழுவும் டர்பன்டைன் கிண்ணத்துக்குள் தலையை முக்கிக்கொண்டது. பச்சை முழுவதும் கரைந்த பிறகும் அது நிமிரவில்லை.